காந்தமாக எழுதப்பட்ட பாதை: வழித்தட, கால அட்டவணைச் சிக்கல்களில் குவாண்டம் இயற்பியலின் வரவு

பல ஊர்களுக்குச் சென்று, எந்த ஊரையும் இருமுறை தொடாமல், புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டிய ஒருவர் எந்த வரிசையில் சென்றால் மொத்தத் தொலைவு மிகக் குறையும் என்ற கேள்வி, கணிதத்தில் 'பயண விற்பனையாளர் சிக்கல்' என்று பெயர் பெற்றது. கேள்வி எளியது, எண்ணத் தொடங்கினால்தான் அதன் கடுமை தெரியும். 10 ஊர்களுக்கு வேறுபட்ட சுற்றுகள் 1,81,440 மட்டுமே. 20 ஊர்களுக்கு அவை சுமார் 608 கோடி கோடி. தொழிற்கூடத்தில் எந்த வேலையை எந்த இயந்திரத்தில் எப்போது ஏற்றுவது, மருத்துவமனையில் எந்தச் செவிலியருக்கு எந்த நாளில் இரவுப்பணி தருவது, ஒற்றைத் தடத்தில் எதிரெதிரே வரும் ரயில்களில் எதை நிறுத்தி எதை விடுவது ஆகிய கால அட்டவணைச் சிக்கல்களும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றைத் தீர்க்கும் முயற்சியில் குவாண்டம் இயற்பியலின் கருத்துகள் எவ்வழியாக வந்து சேர்ந்தன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. இவ்வரலாறு பெரும்பாலும் கருவிகளின் வரலாறாக, எந்த ஆண்டில் எத்தனை கியூபிட் (குவாண்டம் கணினியின் அடிப்படை அலகு) என்ற வரிசையாகவே சொல்லப்பட்டு வருகிறது. சான்றுகளைத் தொடர்ச்சியாக வைத்துப் பார்க்கும்போது, வெற்றி தோல்வியைத் தீர்மானித்த இடம் கருவிக்கு முன்பே வந்துவிடுவது தெரிகிறது: பாதையைக் காந்தமாக மொழிபெயர்க்கும் இடம் அது.

சிக்கலின் முன்வரலாறு

1930இல் வியன்னாவில் கார்ல் மெங்கர் இச்சிக்கலைக் கணித வடிவில் முன்வைத்தார். இந்தியாவில் அது வயல்வெளியிலிருந்து எழுந்தது. வங்காளத்தில் சணல் பயிரிடப்படும் பரப்பை மாதிரிக் கணக்கெடுப்பின் மூலம் மதிப்பிட முனைந்த பி. சி. மகலனோபிஸ், களப்பணியாளர்கள் ஒரு மாதிரி இடத்திலிருந்து அடுத்த இடத்துக்குச் செல்லும் செலவைக் கணக்கில் சேர்க்க வேண்டியிருந்ததால், சிதறிக் கிடக்கும் இடங்களை இணைக்கும் மிகக் குறுகிய பாதை, அவ்விடங்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை ஒட்டி வளரும் என்று 1940இல் எழுதினார். அமெரிக்காவில் ராண்ட் நிறுவனத்தைச் சேர்ந்த ஜார்ஜ் டான்ட்சிக், டெல்பர்ட் ஃபுல்கர்சன், செல்மர் ஜான்சன் ஆகிய மூவரும் 49 நகரங்களுக்கான மிகக் குறுகிய சுற்றை 1954இல் கண்டறிந்து, அதைவிடக் குறுகியது இல்லை என்றும் நிறுவினர். அவர்களுள் ஜான்சன் அதே ஆண்டில் இரண்டு இயந்திரங்கள் வழியே செல்லும் வேலைகளை வரிசைப்படுத்தும் விதியையும் வெளியிட்டதால், வழித்தடமும் கால அட்டவணையும் தொடக்கத்திலிருந்தே ஒரே கூரையின் கீழ் வளர்ந்தவை என்று கொள்ளலாம். 1959இல் டான்ட்சிக்கும் ராம்சரும் பெட்ரோல் விநியோக லாரிகளுக்கான பாதைகளை ஆராய்ந்தனர். 1972இல் ரிச்சர்டு கார்ப், இத்தகைய 21 சிக்கல்கள் ஒன்றுக்கொன்று சமமான கடுமை உடையவை என்றும், ஒன்றுக்கு விரைவான பொதுத்தீர்வு கிடைத்தால் அனைத்துக்கும் கிடைத்துவிடும் என்றும் காட்டினார். அத்தகைய தீர்வு எவருக்கும் இன்றுவரை கிடைக்கவில்லை. கிடைக்காது என்றே பெரும்பாலான அறிஞர் கருதுகின்றனர். ஆகவே, மிகச் சிறந்த விடையை எப்போதும் தரும் முறைக்குப் பதில், நல்ல விடையை விரைவில் தரும் முறைகளைத் தேடும் பணி முக்கியத்துவம் பெற்றது. இயற்பியல் நுழைந்த வாசல் இதுவே.

உலோகம் கற்பித்த முறை

வில்ஹெல்ம் லென்ஸ் 1920இல் முன்மொழிந்து, அவருடைய மாணவர் எர்ன்ஸ்ட் ஈசிங் தம் ஆய்வேட்டில் ஆராய்ந்து 1925இல் வெளியிட்ட மாதிரி, காந்தப் பொருள் ஒன்றை மேல் அல்லது கீழ் என்ற இரு திசைகளை மட்டுமே நோக்கக்கூடிய எண்ணற்ற குறுங்காந்தங்களின் தொகுப்பாகக் கருதியது. இக்குறுங்காந்தங்கள் ஸ்பின் என்று அழைக்கப்படுகின்றன. அண்டை ஸ்பின்கள் ஒரே திசையை நோக்க விரும்பினால் பொருள் காந்தமாகிறது. சில சோடிகள் ஒத்தும் சில சோடிகள் எதிர்த்தும் நிற்க விரும்பி, அவ்விருப்பங்கள் ஒழுங்கின்றிக் கலந்திருந்தால் பொருள் 'ஸ்பின் கண்ணாடி' ஆகிறது. மூன்று ஸ்பின்களில் ஒவ்வொன்றும் மற்ற இரண்டுக்கும் எதிராக நிற்க விரும்புவதாகக் கொண்டால், இரண்டு எதிரெதிரே நின்றபின் மூன்றாவது எப்படித் திரும்பினாலும் ஒரு விருப்பம் நிறைவேறாமல் போகும். இப்படி நிறைவேறாத விருப்பங்கள் ஆயிரக்கணக்கில் பெருகும்போது, மொத்த ஆற்றல் மிகக் குறைவாக இருக்கும் அமைப்பை, அதாவது அடிநிலையைக் கண்டறிவது மலைக்க வைக்கும் வேலையாகிறது. ஆற்றலை உயரமாக வரைந்தால் கிடைக்கும் நிலப்பரப்பு முழுவதும் பள்ளத்தாக்குகள். ஒவ்வொன்றும் உயர்ந்த மேடுகளால் சூழப்பட்டது. ஒன்றில் விழுந்தவர்க்கு அதைவிட ஆழமானது எங்கே இருக்கிறது என்பது தெரியாது. 1982இல் ஃபிரான்சிஸ்கோ பரஹோனா, முப்பரிமாண ஸ்பின் கண்ணாடியின் அடிநிலையைக் காண்பது கார்ப்பின் பட்டியலிலுள்ள சிக்கல்களுக்குக் குறையாத கடுமை உடையது என்று நிறுவியபோது, காந்தத்துக்கும் பாதைக்கும் இடையிலான உறவு உவமை என்ற நிலையைக் கடந்து கணித உண்மையாயிற்று.

அவ்வுறவைச் செயல்முறையாக்கியவர்களில் முதன்மையானவர், ஸ்பின் கண்ணாடிக்கான புகழ்பெற்ற மாதிரியை 1975இல் டேவிட் ஷெரிங்டனுடன் சேர்ந்து அமைத்த ஸ்காட் கிர்க்பாட்ரிக் என்பது குறிப்பிடத்தக்கது. ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய அவரும் ஜெலாட், வெக்கி ஆகியோரும் 1983இல் வெளியிட்ட கட்டுரை, பட்டறையில் உலோகத்தைச் செந்நிறம் வரக் காய்ச்சி மெல்ல ஆறவிடும் 'அனீலிங்' என்னும் செயலைக் கணக்கீடாக மாற்றியது. சூடாக இருக்கும்போது அணுக்கள் மேடேறி இறங்கி அலைகின்றன. மெல்ல ஆறும்போது ஒழுங்கான இடங்களில் அமர்கின்றன. சட்டென்று குளிர்வித்தால் கோணலான அமைப்பிலேயே உறைந்துவிடுகின்றன. அதே போல், ஒரு சுற்றுப்பாதையில் சிறு மாற்றம் செய்து, தொலைவு குறைந்தால் ஏற்றுக்கொண்டு, கூடினாலும் 'வெப்பநிலை' சார்ந்த ஒரு வாய்ப்புடன் ஏற்றுக்கொண்டு, அவ்வெப்பநிலையைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வந்தால், பாதை மோசமான பள்ளங்களில் சிக்காமல் நல்ல விடையை நெருங்குகிறது. இதற்கான கணித விதி, நிக்கோலஸ் மெட்ரோபொலிஸ் குழுவினர் 1953இல் வெளியிட்டதாகும். கணினிச் சில்லுகளில் உறுப்புகளை இடம் அமர்த்துவதற்கும் பயண விற்பனையாளர் சிக்கலுக்கும் ஐபிஎம் குழு அதைப் பயன்படுத்தியது. பிராட்டிஸ்லாவாவில் விளாதிமிர் செர்னி அதே முறையைத் தனியாகக் கண்டறிந்து 1985இல் வெளியிட்டார். இவ்விரு முயற்சிகளிலும் குவாண்டம் ஏதுமில்லை. ஆனால் தொலைவை ஆற்றலாகவும், தேடலை ஒரு பொருள் ஆறும் நிகழ்வாகவும் காணும் பார்வை இங்கேதான் நிலைபெற்றது. பின்னர் வந்தவர்கள் வெப்பத்தின் இடத்தில் வேறொன்றை வைத்தார்கள்.

கொல்கத்தா, 1989

வெப்பத்தின் இடத்தில் எதை வைப்பது என்பதற்கான முதன்மையான விடைகளுள் ஒன்று கொல்கத்தாவிலுள்ள சாஹா அணுக்கரு இயற்பியல் நிறுவனத்திலிருந்து வந்தது. புருஷோத்தம் ரே, பிகாஸ் சக்ரபர்த்தி, அருணவா சக்ரபர்த்தி ஆகியோர் 1989இல் வெளியிட்ட கட்டுரை, ஷெரிங்டன்-கிர்க்பாட்ரிக் மாதிரியைக் 'குறுக்குப் புலம்' ஒன்றில் வைத்து ஆராய்ந்தது. ஸ்பின்கள் மேலும் கீழும் மட்டுமே நோக்குபவை என்றால், அத்திசைக்குச் செங்குத்தாகச் செலுத்தப்படும் காந்தப்புலமே குறுக்குப் புலம். குவாண்டம் விதிகளின்படி அது ஒவ்வொரு ஸ்பின்னையும் மேல், கீழ் என்ற இருநிலைகளின் கலவையில், அதாவது மேற்பொருந்திய நிலையில் வைக்கிறது. வெப்பம் சிறிதும் இல்லாத நிலையிலும் ஸ்பின்கள் ஒரு திசையில் உறையாமல் ஊசலாடுகின்றன. இவ்வூசலாட்டத்தின் துணையால், மேட்டின் உச்சிக்கு ஏறாமலே அதன் குறுக்கே ஊடுருவி மறுபக்கப் பள்ளத்தை அடைய இயலும். அணுக்கருவிலிருந்து ஆல்ஃபா துகள் வெளிவருவதை விளக்கும் சுரங்க ஊடுருவல் என்னும் அதே விளைவு இது.

இதன் உட்பொருளைக் கணக்காகச் சொன்னால் தெளிவாகும். வெப்பத்தால் மேட்டைக் கடக்கும் வாய்ப்பு மேட்டின் உயரத்தை மட்டுமே பொறுத்து அடுக்குக்குறி வேகத்தில் குறைகிறது. மேடு எவ்வளவு அகலம் என்பது பொருட்டில்லை. சுரங்க ஊடுருவலின் வாய்ப்போ மேட்டின் அகலத்தையும், உயரத்தின் வர்க்கமூலத்தையும் பெருக்கிய அளவைப் பொறுத்துக் குறைகிறது. எனவே உயரமாகவும் ஒடுக்கமாகவும் நிற்கும் மேடுகள் வெப்பத்துக்குச் சுவராகவும் குவாண்டம் ஊசலாட்டத்துக்கு மெல்லிய திரையாகவும் அமைகின்றன. தாழ்ந்து அகன்ற மேடுகளில் வெப்பமே மேல். ஸ்பின் கண்ணாடியின் உள்ளமைப்பு பற்றி அம்மூவர் வந்தடைந்த கோட்பாட்டு முடிவு பின்னர் நீண்ட விவாதத்துக்கு உள்ளானபோதிலும், ஒடுங்கிய மேடுகளைக் குவாண்டம் விளைவு கடக்கும் என்ற அவர்களது உள்ளுணர்வு இத்துறையின் அடித்தளங்களுள் ஒன்றாக நின்றது. கருவிகளைப் பற்றியே பேசும் பொதுவரலாறுகளில் கொல்கத்தாவின் பெயர் மங்கிப்போவது நியாயமன்று. ஏறத்தாழ அதே காலத்தில் இத்தாலியில் அப்போலோனி, டி ஃபால்கோ முதலியோர் உகப்பாக்கச் சிக்கல்களுக்கான குவாண்டம் தேடல் முறையை வகுத்து, 'குவாண்டம் அனீலிங்' என்ற பெயரையும் வழங்கினர்.

அப்பெயர் இன்று குறிக்கும் பொருளை நிலைநாட்டியது 1998இல் டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தின் ததாஷி கதோவாகியும் ஹிதெதோஷி நிஷிமோரியும் வெளியிட்ட ஆய்வாகும். தொடக்கத்தில் குறுக்குப் புலத்தை வலுவாக வைத்து, எல்லா அமைப்புகளும் சமமாகக் கலந்த நிலையிலிருந்து தொடங்கி, புலத்தை மெல்லக் குறைத்துப் பூச்சியத்துக்குக் கொண்டுவரும்போது, சிக்கலின் விடையாகிய அடிநிலை எஞ்ச வேண்டும் என்பது முறை. எட்டு ஸ்பின்கள் கொண்ட சிறு மாதிரிகளில், வெப்ப அனீலிங்கைவிட இது அதிக வாய்ப்புடன் அடிநிலையை அடைவதை அவர்கள் கணக்கிட்டுக் காட்டினர். அடுத்த ஆண்டிலேயே புரூக், பிட்கோ, ரோசன்பாம், ஏப்லி ஆகியோர், லித்தியம் ஹோல்மியம் ஃபுளோரைடில் ஹோல்மியத்தின் ஒரு பகுதியை இட்ரியத்தால் மாற்றிய படிகத்தைக் குறுக்குப் புலத்தில் வைத்து, குவாண்டம் வழியில் ஆற்றப்பட்ட காந்தம் வெப்ப வழியில் ஆற்றப்பட்டதைவிட விரைவாகத் தன் சமநிலையை நாடுவதைப் பரிசோதனையில் கண்டனர். தாளில் எழுதப்பட்ட கருத்து ஒரு கல்லில் நிகழ்ந்தது.

எவ்வளவு மெல்ல

'மெல்ல' என்பதற்கு அளவு என்ன என்ற கேள்வியை எட்வர்டு ஃபார்ஹி, ஜெஃப்ரி கோல்ட்ஸ்டோன், சாம் குட்மன், மைக்கேல் சிப்சர் ஆகியோர் 2000இல் எடுத்துக்கொண்டனர். மாக்ஸ் பார்னும் விளாதிமிர் ஃபாக்கும் 1928இல் நிறுவிய தேற்றத்தின்படி, ஒரு குவாண்டம் அமைப்பின் சூழலைப் போதிய அளவு மெதுவாக மாற்றினால் அது தன் அடிநிலையிலேயே நீடிக்கும். தேவைப்படும் காலம், அடிநிலைக்கும் அதற்கு அடுத்த நிலைக்கும் இடையே வழியில் ஏற்படும் மிகச் சிறிய ஆற்றல் இடைவெளியின் வர்க்கத்துக்கு ஏறக்குறைய எதிர்விகிதத்தில் அமையும். இடைவெளி பாதியானால் காலம் நான்கு மடங்கு. கடினமான சிக்கல்களில் அவ்விடைவெளி ஊர்களின் எண்ணிக்கையோடு எவ்வளவு விரைவாகச் சுருங்கும் என்பதுதான் முழுத் துறையின் தலைவிதியைத் தாங்கும் கேள்வி. 2010இல் ஆல்ட்ஷுலர், குரோவி, ரோலண்ட் ஆகியோர், சில வகைச் சிக்கல்களில் அது அடுக்குக்குறி வேகத்தில் சுருங்கக்கூடும் என்று வாதிட்டனர். எல்லா வழித்தடச் சிக்கல்களையும் விரைந்து தீர்க்கும் மந்திரக்கோல் குவாண்டத்தில் இருக்கிறது என்ற எதிர்பார்ப்பு கோட்பாட்டு அளவிலேயே ஆதரவு பெறாதது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது.

டிரியெஸ்டேயின் 1,002 ஊர்கள்

பயண விற்பனையாளர் சிக்கலில் குவாண்டம் அனீலிங்கை நேரடியாகச் சோதித்த ஆய்வுகளுள் இன்றும் மறுவாசிப்புக்கு உரியது, ரோமான் மார்தோனியாக், இத்தாலியின் டிரியெஸ்டேயைச் சேர்ந்த ஜூசெப்பே சான்டோரோ, எரியோ தோசாட்டி ஆகியோர் 2004இல் வெளியிட்டதாகும். அவர்களிடம் குவாண்டம் கருவி எதுவும் இல்லை. குவாண்டம் ஊசலாட்டத்தைச் சாதாரணக் கணினியில் பாவனை செய்தனர். ஒரே அமைப்பின் பல பிரதிகளை வரிசையாக நிறுத்தி, அண்டைப் பிரதிகள் ஒன்றையொன்று இழுக்குமாறு பிணைத்தால், அத்தொகுப்பு வெப்பநிலைக் கணக்காகவே குவாண்டம் நடத்தையைப் பிரதிபலிக்கும் என்பது இயற்பியலாளர் ஃபெய்ன்மன் வழிவந்த ஓர் உத்தி. சோதனைக்கு எடுத்துக்கொண்டது, ஆய்வாளர்கள் பொதுவில் பயன்படுத்தும் தொகுப்பிலுள்ள 1,002 ஊர்களின் கணக்கு. சம அளவு கணக்கீட்டில், குவாண்டம் வழி வெப்ப வழியைவிடக் குறுகிய பாதைகளைத் தந்தது.

இவ்வெற்றியின் காரணம் கவனிக்கத்தக்கது. பாதையில் இரண்டு இணைப்புகளை அறுத்து, இடைப்பட்ட பகுதியைத் திருப்பி, மீண்டும் இணைக்கும் மாற்றத்தை மட்டுமே அவர்கள் அனுமதித்தனர். இம்மாற்றம் ஒரு செல்லுபடியான சுற்றை இன்னொரு செல்லுபடியான சுற்றாகவே ஆக்கும்; ஓர் ஊர் விட்டுப்போகவோ இருமுறை வரவோ வழியில்லை. அதாவது சிக்கலின் நிபந்தனைகள் தேடலின் நகர்விலேயே பொதிந்திருந்தன. மறுபுறம், அடுத்த ஆண்டு அதே மரபைச் சேர்ந்த ஆய்வாளர்கள் தருக்க நிபந்தனைகளை நிறைவு செய்யும் வேறொரு சிக்கலில் இம்முறையைச் சோதித்தபோது வெப்ப அனீலிங்கே மேலாக நின்றது. 1,002 ஊர்க் கணக்கிலும், லின், கெர்னிகன் ஆகியோர் 1973இல் வகுத்ததைப் போன்ற சிறப்பு முறைகள் அனீலிங் வகைகளைவிட வலியவை. துல்லியத் தீர்வுக்கான 'கான்கார்டு' மென்பொருளோ 2006இல் 85,900 இடங்கள் கொண்ட கணக்கின் மிகச் சிறந்த விடையையே எட்டியது. குவாண்டம் முறைகளின் எந்த அறிவிப்பையும் இவ்வளவுகோலின் அருகே வைத்தே மதிப்பிட வேண்டும்.

கருவியின் வரவு

கனடாவில் டி-வேவ் நிறுவனம் 1999இல் தொடங்கப்பட்டது. நையோபியத்தால் ஆன மீக்கடத்தி வளையங்களில் மின்னோட்டம் வலஞ்சுழியாகவோ இடஞ்சுழியாகவோ ஓடுவதை மேல், கீழ் என்ற இரு நிலைகளாகக் கொண்டு, அவ்வளையங்களையே கியூபிட்டுகளாக அமைத்து, தனிச்சுழியிலிருந்து ஒரு பாகையின் நூறில் ஒரு பங்கு அளவே மேலான குளிரில் ஈசிங் மாதிரியை ஓர் இயந்திரமாகவே அது கட்டியது. 2007இல் 16 கியூபிட் கருவியை மவுன்டன் வியூவில் காட்சிக்கு வைத்தபோது, சுடோகு புதிரோடு விருந்தினரை மேசைகளில் அமர்த்தும் கணக்கும் எடுத்துக்காட்டாக அமைந்தது. 2011இல் 128 கியூபிட், 2013இல் 512, 2017இல் 2,048, 2020இல் 5,000க்கு மேல். இக்கருவிகள் உண்மையில் வேகமானவையா என்பதை ஆராய்ந்த ஒரு பன்னாட்டுக் குழு, 512 கியூபிட் கருவியில் தற்போக்கான ஸ்பின் கண்ணாடிக் கணக்குகளைச் சோதித்து, குவாண்டம் வேகத்துக்குச் சான்று காணவில்லை என்று 2014இல் அறிவித்தது. சுரங்க ஊடுருவலுக்கு ஏற்றவாறு, உயர்ந்து ஒடுங்கிய மேடுகளோடு வடிவமைக்கப்பட்ட கணக்குகளில் ஒற்றைச் செயலியில் இயங்கும் வெப்ப அனீலிங்கைவிடப் பத்துக் கோடி மடங்கு வேகம் கிடைத்ததாகக் கூகுள் ஆய்வாளர்கள் பின்னர் வெளியிட்டனர். கருவியின் பின்னல் அமைப்பையே பயன்படுத்திக்கொள்ளும் வேறொரு சாதாரண நெறிமுறை அதே கணக்குகளில் அக்கருவியையும் முந்தியது. இரண்டு முடிவுகளும் கொல்கத்தாவில் எழுதப்பட்ட ஒடுக்கம், அகலம் என்ற வேறுபாட்டையே வெவ்வேறு திசைகளிலிருந்து உறுதிப்படுத்துகின்றன.

மொழிபெயர்ப்பின் விலை

இத்தகைய கருவியில் ஒரு பாதையை ஏற்றுவதற்கு, ஒவ்வொரு ஊருக்கும் பயண வரிசையின் ஒவ்வோர் இடத்துக்கும் சேர்த்து ஓர் ஆம்-இல்லை மாறி தேவை. 'ஏழாவது இடத்தில் மூன்றாவது ஊர்' என்பது ஒரு மாறி. அது 1 என்றால் ஆம், 0 என்றால் இல்லை. 10 ஊர்களுக்கு 100 மாறிகள். ஓர் இடத்தில் ஓர் ஊர்தான், ஓர் ஊர் ஒரு முறைதான் என்ற நிபந்தனைகளைக் காந்தம் தானாக அறியாது. எனவே அவற்றை மீறும் ஒவ்வோர் அமைப்புக்கும் ஆற்றலில் ஒரு தண்டம் கூட்டப்படுகிறது. ஆண்ட்ரூ லூக்கஸ் 2014இல் வெளியிட்ட கட்டுரை, கார்ப்பின் 21 சிக்கல்கள் உள்ளிட்ட பலவற்றுக்கும் இத்தகைய மொழிபெயர்ப்புகளைத் தொகுத்து அளித்து, இத்துறையின் அகராதிபோல் பயன்பட்டு வருகிறது.

விலை என்ன என்பதை எண்களே சொல்லும். 10 ஊர்களின் 1,81,440 சுற்றுகளைச் சாதாரணக் கணினி ஒன்று நொடிப்பொழுதில் எண்ணிவிடும். 100 மாறிகளாக எழுதியபின் அமைப்புகளின் எண்ணிக்கை 31 இலக்க எண்ணாகிறது. அவற்றுள் செல்லுபடியானவை, தொடக்க இடத்தையும் திசையையும் வேறுபடுத்தி எண்ணினாலும், 36,28,800 மட்டுமே. இதைவிட ஆழமான தடை ஒன்றும் உண்டு. ஒரு சுற்றில் இரண்டு ஊர்களை இடம் மாற்ற வேண்டுமானால் நான்கு மாறிகள் ஒருசேரப் புரள வேண்டும். ஒவ்வொன்றாகப் புரண்டால் இடையில் வரும் ஒவ்வோர் அமைப்பும் தண்டத்துக்கு உரியது. நிபந்தனை மீறப்படாதிருக்கத் தண்டத்தைப் பெரிதாக்கினால், ஒவ்வொரு செல்லுபடியான சுற்றையும் சுற்றி உயர்ந்த சுவர் எழுகிறது. குவாண்டம் ஊசலாட்டம் ஊடுருவ வேண்டிய மேடுகளில் பெரும்பகுதி ஊர்களின் அமைப்பிலிருந்து பிறந்தவை அல்ல, மொழிபெயர்ப்பே எழுப்பியவை. தண்டம் பெரிதாகும்போது தொலைவுகளுக்கிடையேயான வேறுபாடுகள் அதனோடு ஒப்பிடச் சிறுத்துவிடுவதால், அளவுத்துல்லியம் குறைந்த கருவிக்கு நல்ல பாதையும் சுமாரான பாதையும் ஒன்றுபோலவே தெரியத் தொடங்குகின்றன.

மூன்றாவது விலை, கம்பிகளுடையது. 2,048 கியூபிட் கருவியில் ஒரு கியூபிட் ஆறு அண்டைக் கியூபிட்டுகளோடு மட்டுமே இணைந்திருந்தது. பாதைக் கணக்கிலோ ஒரு மாறி மிகப் பலவற்றோடு தொடர்பு கொள்கிறது. அத்தொடர்புகளுக்காகப் பல கியூபிட்டுகளைச் சங்கிலியாகப் பிணைத்து ஒரே மாறியாக நடத்த வேண்டும். எல்லா மாறிகளும் ஒன்றோடொன்று தொடர்புடைய கணக்கு என்றால், 2,048 கியூபிட்டுகளில் அடங்குபவை சுமார் 64 மாறிகளே. தொடக்க ஊரை நிலைப்படுத்திக்கொண்டால் 9 ஊர்களுக்கு 64 மாறிகள். 5,000 கியூபிட் கருவியில் அண்டை இணைப்புகள் 15ஆக உயர்ந்தன. விலை குறைந்ததே தவிர நீங்கவில்லை.

இவ்விலையை உணர்ந்தவர்கள் எத்தகைய சிக்கலைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதிலிருந்து அடுத்த கட்ட வரலாற்றைப் புரிந்துகொள்ளலாம். 2017இல் வோக்ஸ்வாகன் ஆய்வாளர்கள், 2008இல் பெய்ஜிங்கின் சுமார் 10,000 டாக்சிகளிடமிருந்து திரட்டப்பட்ட பயணத் தரவுகளிலிருந்து, நகர மையத்துக்கும் விமான நிலையத்துக்கும் இடையே ஓடும் 418 வண்டிகளை எடுத்துக்கொண்டனர். வண்டி ஒன்றுக்கு மூன்று மாற்றுப் பாதைகளை முன்கூட்டியே வகுத்து, அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஒரே சாலையில் பல வண்டிகள் நெருங்குவதைக் குறைப்பது நோக்கம். மாறிகள் 1,254. இங்கே வரிசையமைக்கும் வேலை இல்லை. ஒரு வண்டிக்கு ஒரு பாதை என்ற ஒற்றை நிபந்தனை மட்டுமே. 2019இல் லிஸ்பனில் நடந்த மாநாட்டின்போது ஒன்பது பேருந்துகளுக்கு அந்நிறுவனம் வழிகாட்டியதும், ஜப்பானில் தொஹோகு பல்கலைக்கழகமும் டென்சோ நிறுவனமும் தொழிற்கூடத்தின் தானியங்கி வண்டிகள் மோதாமல் செல்லப் பாதை ஒதுக்கியதும், ஜெர்மன் விண்வெளி மையத்தின் ஆய்வாளர்கள் விமானங்களுக்கு நுழைவாயில் ஒதுக்கியதும் ஏறத்தாழ இதே வடிவின. ஆயத்தமான பட்டியலிலிருந்து தேர்ந்தெடுப்பதைக் காந்தம் தாங்கிக்கொள்கிறது. வரிசையைப் படைப்பது அதற்குப் பெருஞ்சுமையாகிறது.

கால அட்டவணையில் இச்சுமை இன்னும் வெளிப்படை. நாசாவின் ஏம்ஸ் மையத்தோடு தொடர்புடைய டாவிடே வென்டுரெல்லி முதலியோர் 2015இல் தொழிற்கூட வேலை வரிசையைக் கருவியில் ஏற்றியபோது, ஒவ்வொரு வேலைப்படிக்கும் அது தொடங்கக்கூடிய ஒவ்வொரு நேரத்துக்கும் ஒரு மாறி வேண்டியிருந்தது. நாளை நிமிடங்களாகப் பிரித்தால் மாறிகள் பெருகும். மணிகளாகப் பிரித்தால் அட்டவணை பயனற்றுப் போகும். ஆகவே, தொடங்க வாய்ப்பே இல்லாத நேரங்களைச் சாதாரணக் கணக்கீட்டால் முதலிலேயே நீக்கிவிட்டு எஞ்சியதை மட்டும் கருவியிடம் தரும் வழியை அவர்கள் கையாண்டனர். போலந்தில் கிறிஸ்தோஃப் தோமினோ குழுவினர் ஒற்றைத் தட ரயில் பாதைகளில் தாமதத்துக்குப் பின் எந்த ரயிலை முதலில் விடுவது என்பதை ஆராய்ந்தபோதும், தாமதத்துக்கு ஓர் உச்சவரம்பு வைத்தே மாறிகளைக் கட்டுக்குள் கொண்டுவந்தனர். செவிலியர் பணிமுறைக்கான முயற்சி 2019இல் வெளியாயிற்று.

ஒதுங்கியும் திரும்பியும்

பாதையைக் காந்தமாக எழுதும் மொழி பரவியதன் எதிர்பாராத விளைவு, குவாண்டம் இல்லாமலே அம்மொழியைப் படிக்கும் இயந்திரங்கள் பெருகியதுதான். ஹிட்டாச்சி 2015இலும் ஃபுஜித்சு 2018இலும் சாதாரணச் சில்லுகளைக் கொண்டே ஈசிங் கணக்குகளுக்கான கருவிகளை அறிமுகப்படுத்தின. தோஷிபாவின் ஹயாதோ கோதோ முதலியோர் ஒரு குவாண்டம் அலையியற்றியின் சமன்பாடுகளைச் செவ்வியல் இயக்கமாக மாற்றி 2019இல் வெளியிட்ட முறையும் இவ்வகையைச் சேர்ந்தது. இவை ஈசிங் வடிவத்தை ஏற்றுக்கொண்டதால் அதன் தண்டங்களையும் சுவர்களையும் ஏற்றுக்கொண்டன. கம்பிப் பற்றாக்குறை மட்டுமே இவற்றுள் சிலவற்றில் தீர்ந்தது.

துல்லியத் தீர்வின் திசையிலும் ஒரு முன்னேற்றம் உண்டு. ஹெல்டும் கார்ப்பும் 1962இல் அளித்த முறை, n ஊர்களுக்கு ஏறத்தாழ 2-இன் n அடுக்கு அளவு படிகளை எடுத்துக்கொள்கிறது. ஆண்ட்ரிஸ் அம்பைனிஸ் குழுவினர் 2019இல், லவ் குரோவர் 1996இல் கண்டறிந்த குவாண்டம் தேடலை அம்முறையோடு இணைத்து, அடியெண்ணை 2-இலிருந்து 1.728-ஆகக் குறைத்தனர். இது உறுதியாக நிறுவப்பட்ட ஆதாயம். ஆனால் பிழைகளைத் தானே திருத்திக்கொள்ளும் பெரிய குவாண்டம் கணினியையும், குவாண்டம் நிலையில் படிக்கத்தக்க பெரிய நினைவகத்தையும் அது வேண்டுகிறது.

அனீலிங்கின் நேர்வாரிசாக ஃபார்ஹி, கோல்ட்ஸ்டோன், குட்மன் ஆகியோர் 2014இல் அமைத்த நெறிமுறை, மெல்லக் குறையும் புலத்துக்குப் பதிலாக, தொலைவைக் கணக்கிடும் செயலையும் அமைப்புகளைக் கலக்கும் செயலையும் மாறி மாறிச் சில முறை நிகழ்த்துகிறது. அதில் கலக்கும் செயல் முதலில் ஒவ்வொரு கியூபிட்டையும் தனித்தனியே புரட்டுவதாகவே இருந்ததால், பழைய தண்டங்களும் தொடர்ந்தன. ஏம்ஸ் மையத்தைச் சார்ந்த ஸ்டூவர்ட் ஹாட்ஃபீல்டு, எலினார் ரீஃபல் முதலியோர் 2019இல் இவ்விடத்திலேயே கைவைத்தனர். இரண்டு ஊர்கள் இடம் மாறும் நகர்வையே ஒரு குவாண்டம் செயலாக வகுத்து, செல்லுபடியான ஒரு சுற்றிலிருந்து தொடங்கினால் கலவை முழுவதும் செல்லுபடியான சுற்றுகளுக்குள்ளேயே நிற்குமாறு செய்தனர். வேலை வரிசைச் சிக்கல்களுக்கும் இத்தகைய நகர்வுகளை அளித்தனர். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் டிரியெஸ்டேயில் பாவனையாகச் செய்யப்பட்டது இப்போது குவாண்டம் சுற்றமைப்பின் மொழியில் எழுதப்பட்டது. சுவர்கள் இல்லை, தண்டம் இல்லை. விலை வேறிடத்துக்கு நகர்ந்தது. ஓர் இடமாற்றம் நான்கு கியூபிட்டுகளை ஒருசேரத் தொடும் செயல். 10 ஊர்களில் ஊர்ச்சோடிகள் 45, அடுத்தடுத்த இடச்சோடிகள் 10 என்று கொண்டால், ஒரு சுற்றுக் கலவைக்கே அத்தகைய 450 செயல்கள் தேவைப்படுகின்றன. ஒவ்வொன்றும் இரு கியூபிட் செயல்கள் பலவாகப் பிரிக்கப்பட வேண்டியது. ஒவ்வொரு செயலிலும் சிறு பிழை சேர்கிறது. ஒரே ஒரு பிழை ஒரு மாறியைப் புரட்டினாலும் ஓர் ஊர் காணாமல் போயோ இருமுறை வந்தோ சுற்று செல்லாததாகிவிடுகிறது.